அப்புச்சி வீடு: காங்கயம் பக்கத்துச் செங்கல் வீட்டில் சில நாட்கள்

வியாழன், ஈரோடு – காங்கயம்

இந்தத் தொடர் முழுக்க ஒரே ஒரு வீட்டைப் பற்றித்தான். காங்கயத்துக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில், தோட்டத்துக்கு நடுவே நிற்கிற அம்மா பிறந்த வீடு. அம்மாவின் அப்பா அப்புச்சி, அதனால் நாங்கள் அப்புச்சி வீடு என்போம். அப்புச்சி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது, இப்போது மாமாவும் அத்தையும் மட்டும் இருக்கிறார்கள். மாமா மகன்கள் இரண்டு பேரில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி, இன்னொருவர் பெங்களூர். வீட்டை இடித்துவிட்டு முன்னால் ஒரு டெரஸ் வீடு போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்திருக்கிறது, பழைய மரம் வாங்குகிற ஆட்கள் வந்து தேக்குத் தூணையும் தலைவாசலையும் பார்த்து விலை சொல்லிவிட்டும் போயிருக்கிறார்கள். இடிக்கக் கூடாது என்பது என் பக்கம். ஆனால் பழசு, அழகு, பாசம் என்று மட்டும் சொல்லிக்கொண்டு போனால் மாமாவிடம் எடுபடாது, எனக்கே அது போதவில்லை. இந்த வீடு எதனால் ஆனது, ஏன் இப்படிக் கட்டினார்கள், எங்கே பழுது, என்ன செலவாகும் என்று தெரிந்துகொண்டு பேசலாம் என்றுதான் லீவு போட்டுக் கிளம்பினேன்.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் காலையில் ஈரோட்டில் இறக்கிவிட்டது. காங்கயத்துக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது, ஈரோட்டிலிருந்து பழனிக்குப் பாதை போடுவார்கள் என்பது நெடுநாள் பேச்சு. பஸ் ஏறுவதற்கு முன் பெரியார் – அண்ணா நினைவகத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று திறக்கும்வரை காத்திருந்தேன். 1879-ல் இதே ஊரில் பிறந்த பெரியாரின் வீடு, வணிகக் குடும்பம். படங்களையும் பொருட்களையும் பார்த்தபடியே என் மனசு கட்டடத்தைத்தான் அளந்துகொண்டிருந்தது. ஊருக்குள் இருக்கிற வியாபாரி வீட்டுக்கும் தோட்டத்து வீட்டுக்கும் அடிப்படையே வேறு. ஊர் வீடு தெருவைப் பார்த்துத் திறக்கும். எங்கள் பக்கத்துப் பண்ணைய வீடு களத்தையும் மாடு கட்டுகிற கட்டுத்தரையையும் பார்த்துத்தான் திறக்கும், தடத்துக்கு அது முகமே காட்டாது.

பஸ் அறச்சலூர் வழி. ஓடாநிலை பக்கத்தில்தான் இருக்கிறது. தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஊர், 1805-ல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்ட ஆங்கிலேயர் அந்தக் கோட்டையை மிச்சம் வைக்கவில்லை. நொய்யலைத் தாண்டியதும் மண் நிறம் மாறும், கிளுவை வேலியும் வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, தொடங்கும். இது மழை மறைவுப் பூமி. ஊரே பச்சையாக இருக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கு இந்தக் காய்ந்த காடுதான் ஊர்.

வெள்ளி, வீட்டுக்கு முன்னால்

காலையில் காப்பி குடித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். "என்ன அம்மிணி, சர்வேயா பண்றே?" என்று மாமா கேட்டார். கேட்டுவிட்டு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

இது தொட்டிக்கட்டு வீடு. கிழக்கு வாசல், இரண்டு பக்கமும் திண்ணை, தலைவாசல் தாண்டினால் ஆசாரம் என்கிற நீளக் கூடம், ஆசாரத்துக்குப் பின்னால் நடுவில் வானம் பார்த்த தொட்டி, தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைகள். மேற்கே அடுப்படி, அதற்கும் பின்னால் பொடக்காளி, அதாவது கொல்லைப்புறம். வடக்கே கட்டுத்தரை, தெற்கே களம். ஒரு அறைக்கு மேலே அட்டாலி என்கிற பரண், அதில் இப்போது பித்தளைப் பாத்திரமும் உடைந்த தொட்டிலும் கிடக்கிறது, ஒரு காலத்தில் பருத்தி மூட்டை ஏற்றி வைத்த இடம்.

மேற்குப் பக்கச் சுவரில் ஜன்னலே கிடையாது என்று சொல்லலாம், கைகூட நுழையாத அளவில் இரண்டு புகைத் துவாரம் மட்டும் இருக்கிறது. சின்ன வயசில் ஏன் இந்தப் பக்கம் மட்டும் இவ்வளவு இருட்டு என்று நினைத்திருக்கிறேன். இன்றைக்கு வெளியே அந்தச் சுவரோரம் நின்றால் போதும், தானாகப் புரியும். ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற மேல்காற்று ஆனியிலும் ஆடியிலும் இந்தப் பூமி முழுக்க அடிக்கிற அடிக்குப் பேச்சே காதில் விழாது. இன்றைக்குக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே காற்றுதான். வீடு அந்தக் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறது. அடுப்படி மேற்கே இருப்பதால் அந்தப் பக்கச் சுவர் மற்றதைவிடத் தடிமன், மேற்குக் கூரையின் முகட்டு ஓட்டை மட்டும் சுண்ணாம்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள், மற்ற பக்கம் அப்படி இல்லை. உள்ளே தொட்டி வழியாகச் சூட்டுக் காற்று மேலே போய்விடும், வெளிக்காற்று நேராக வந்து மோதாது. மத்தியானம் ஒரு மணிக்கு ஆசாரத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கடைக்கால் கருங்கல். அதற்குக் குறைச்சலே இல்லாத பூமி, கிணறு வெட்டினாலே பாறைதான். கல்லுக்கு மேலே செங்கல். வெளிச் சுவர் ஒன்றரை அடி. பொடக்காளிப் பக்கம் பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல்லை அளந்தேன், இரண்டு அங்குலக் கனம்கூட முழுசாக இல்லை. இன்றைக்குக் கடையில் வாங்குகிற செங்கல் மூன்று அங்குலம். பழைய நாட்டுச் செங்கல் மெல்லிசாக இருந்ததற்குக் காரணம் சூளை: விறகு போட்டு எரிக்கிற சின்னச் சூளையில் கனமான கல் உள்ளே வேகாமல் பச்சையாக நின்றுவிடும், மெல்லிய கல்தான் நடு வரைக்கும் ஒரே சிவப்பாக வேகும். நம் வீட்டுக் கல் ஊர்க் குளத்து வண்டலில் அறுத்தது, பனையும் வேலமரமும் போட்டு எரித்தது என்று மாமா சொன்னார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சுண்ணாம்புகூட இல்லை, மண் சாந்துதான். வெளியே மட்டும் சுண்ணாம்புப் பூச்சு. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை இதற்குத் திரும்ப வருவேன்.

சனி, கூரை

ஊரில் இந்த வீட்டைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒன்று உண்டு: 1865-ல் கட்டியது. எப்படித் தெரியும் என்றால், ஓட்டிலேயே எழுதியிருக்கிறது என்பார்கள்.

எழுதியிருப்பது உண்மைதான். காலையில் காற்று கொஞ்சம் அடங்கிய நேரம் ஏணி வைத்து, தாழ்வாரத்து ஓட்டில் ஒன்றைக் கழற்றிக் கீழே கொண்டுவந்து கழுவினோம். பின்பக்கம் ஆங்கில எழுத்தில் பாசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், மங்களூர், 1865 என்று அச்சு. ஆனால் அந்த வருஷம் வீட்டுடையது இல்லை, தொழிற்சாலையுடையது. சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரத்திலிருந்து வந்த மிஷன்காரர்கள் மங்களூர் ஜெப்புவில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-ல். ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர்தான் இதற்கு முன்னோடி. நேத்ராவதி ஆற்றங்கரைக் களிமண்ணை எந்திரத்தில் அழுத்தி, ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக்கொள்கிற ஓடாக வார்த்தார்கள். கம்பெனி தொடங்கிய வருஷத்தையே பின்னாலும் ஓட்டில் அச்சடித்துக்கொண்டு வந்தார்கள். இந்த ஓடு எந்த ஊர் வீட்டில் இருந்தாலும் இதே கதைதான் சொல்கிறார்கள்.

சரி, அப்படியானால் எந்தக் காலம்? முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மனித் தொடர்பு என்று சொல்லி பிரிட்டிஷ் அரசு மிஷனின் தொழில்களைக் கையில் எடுத்துக்கொண்டது, பின்னால் அவை காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பெயருக்கு மாறின. அதனால் மிஷன் பெயர் போட்ட ஓடு பெரும்பாலும் 1914-க்கு முந்தைய சரக்கு. அந்தப் பக்கம், இவ்வளவு ஓடு இந்தக் காட்டுக்குள் வர வேண்டுமென்றால் ரயில் வேண்டும். சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாகப் பேப்பூர் வரைக்கும் பாதை 1862-ல் முடிந்தது. மங்களூருக்கே ரயில் போய்ச் சேர்ந்தது 1907-ல்தான், அதுவரை ஓடு கடல் வழியாக மலபார்க் கரைக்கு வந்து அங்கிருந்து ரயில் ஏறியிருக்க வேண்டும். திருப்பூரிலோ ஊத்துக்குளியிலோ இறக்கி, அப்புறம் மாட்டு வண்டி. ஒரு ஓடு இரண்டரைக் கிலோ பக்கம் வரும். கூரை முழுக்க எத்தனை ஆயிரம், அதற்கு எத்தனை வண்டி நடை, ஒரு கல்லில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், பெருமூச்சுதான் வந்தது.

வீட்டிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கட்டுத்தரைக் கூரையில் சீமை ஓடு இல்லை, கையால் தட்டிய நாட்டு ஓடு, கீழே பனங்கை. வைரம் பாய்ந்த பனையைப் பிளந்து செதுக்கிய கைமரங்கள், இன்னும் கறையான் தொடாமல் கருப்பாக மின்னுகின்றன. முன்கட்டில் மட்டும் தேக்கு. அது ஆனைமலைத் தேக்கு என்று வீட்டில் சொல்வார்கள். ஆக, முதலில் நாட்டு ஓட்டு வீடாக இருந்து, கை நிறையக் காசு வந்த காலத்தில் முன்கட்டை எடுத்து வில்லை வீடாக, அதாவது சீமை ஓட்டு வீடாக, மாற்றியிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க அப்பாரு இந்த ஊட்டைப் 'புது ஊடு'ன்னுதான் சொல்லுவாரு. எனக்கு அது ஏன்னே வெளங்காம இருந்துச்சு" என்றார்.

கூரையில் பழுது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அதுதான் பெரிசு. நாலு சரிவும் தொட்டியைப் பார்த்துக் கூடுகிற மூலைகளில் கூடல் தகடு இருக்கிறதே, அதில் இரண்டு மூலையில் தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, தண்ணீர் கைமரத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஓடுகளில் உடைந்தது மிகக் கொஞ்சம். நூறு வருஷத்துக்கு மேல் ஆன ஓட்டைத் தட்டினால் இன்னும் கணீரென்று சத்தம் கேட்கிறது.

ஞாயிறு, பழையகோட்டை

கை நிறையக் காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ராத்திரி முழுக்க இருந்தது. மாமா காலையில் பழையகோட்டை மாட்டுத்தாவணிக்குப் போகிறேன் என்றார், நானும் தொற்றிக்கொண்டேன். ஞாயிறு தோறும் கூடுகிற சந்தை. காங்கயம் மாட்டு இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது கால்நடைத் துறைக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வது. காளைகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதைத் தனியாக எழுதுகிறேன்.

வீட்டுக் கதைக்கு வேண்டியது இது: போகிற வழியெல்லாம் மாமா பழைய கிணறுகளைக் காட்டிக்கொண்டு வந்தார். 1876-லிருந்து 78 வரைக்கும் நீண்ட தாது வருஷப் பஞ்சம் கொங்கு நாட்டை வாட்டி எடுத்தது. அதற்கப்புறம் கிணறு வெட்டுவதில்தான் சனங்களுக்கு நம்பிக்கை. எங்கள் தோட்டத்துக் கிணறும் பஞ்சத்துக்குப் பின்னால் வெட்டியது என்பார்கள். காளை பூட்டிக் கிணற்றிலிருந்து கவலையில் தண்ணீர் இறைத்து, சோளமும் கம்பும் ராகியும் போட்டார்கள். 1900-களின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி இங்கே வந்தது. நீளமான இழை, மில்காரர்களுக்குப் பிடித்த பஞ்சு, ஆனால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கிணறு இருந்தவனுக்கு அது அதிர்ஷ்டம். கோயம்புத்தூரில் 1888-லேயே மில் ஓட ஆரம்பித்துவிட்டது, பஞ்சுக்குப் பக்கத்திலேயே கிராக்கி. எங்கள் ஊரைச் சுற்றி ஏழெட்டு வில்லை வீடுகள் கிட்டத்தட்ட ஒரே சாயலில் நிற்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ராஜாவோ ஜமீனோ கட்டிய வீடுகள் இல்லை இவை. காளையும் கிணறும் பருத்தியும் கட்டியவை.

இதைத் தெரிந்துகொண்டு திரும்ப வீட்டைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பொருள் விளங்குகிறது. களத்துப் பக்க வாசல் மட்டும் ஏன் தலைவாசலைவிட அகலம்? பார வண்டி உள்ளே வர வேண்டும். ஆசாரம் ஏன் வீட்டு அளவுக்குப் பொருந்தாத நீளம்? பருத்தியைக் கொட்டிப் பிரிக்கிற இடம் அதுதான், கல்யாணப் பந்தி எல்லாம் வருஷத்தில் ஒரு நாள் இரண்டு நாள். படுக்கை அறையிலிருந்து கட்டுத்தரைக்கு ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது, ராத்திரி மாடு கத்தினால் படுத்தபடியே எட்டிப் பார்க்க. அத்தைதான் இதைச் சொன்னார், வேறு யாரும் கவனித்ததே இல்லை. அத்தைக்கு இந்த வீட்டில் தெரியாத மூலை கிடையாது, ஆனால் வீட்டைப் பற்றிப் பேசும்போது அவரை யாரும் கேட்பதில்லை. இனி கேட்கப் போகிறோம்.

திங்கள், சுவர்

கொத்தனார் வந்தார். எழுபதைத் தாண்டியவர், சின்ன வயசில் அவர் அப்பாவோடு சேர்ந்து சுண்ணாம்பு வேலை பார்த்தவர். தெற்குச் சுவர்தான் இடிக்க வேண்டும் என்பவர்களின் பெரிய வாதம். தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு மேலே செங்கல் உப்புப் பூத்து, மாவாக உதிர்கிறது. சுவர் செத்துவிட்டது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

அவர் கரண்டியின் பின்பக்கத்தால் கீழே தட்டினார், மேலே தட்டினார். கீழே நாலடிக்கு சிமெண்டுப் பூச்சு. இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் சுவர் ஈரம் காக்கிறது என்று ஒரு கொத்தனாரை வைத்துப் பூசியது.

"பாருங்க அம்மிணி, செவுத்துக்குள்ள மண்ணு. தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பா இருந்தா வெளியே உட்டுரும். சிமெண்டைப் போட்டு மூடுனா அது எங்கீங்க போகும்? மேல ஏறி, பூச்சு முடியற எடத்துல கல்லைத் திங்குதுங்க."

வெள்ளிக்கிழமை சொன்னேனே, கல்லுக்கு நடுவில் மண் சாந்து என்று, அதுதான் காரணம். ஈரத்தோடு மண்ணில் இருக்கிற உப்பும் ஏறுகிறது. ஈரம் காயும்போது உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து பெருத்து கல்லை உடைக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு நுண்ணிய துளைகள் உள்ளது, ஈரத்தை வெளியே விடும், உப்பு வந்தால் பூச்சுதான் உதிரும், கல் பிழைக்கும். சில வருஷத்துக்கு ஒரு தடவை பூச வேண்டியிருக்கும், அது பூச்சின் குறை இல்லை, வேலையே அதுதான். ஓடை ஓரத்துச் சுக்காங்கல்லைக் காளவாயில் போட்டு எரித்து, தண்ணீரில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவைத்து, மணல் கலந்து, வட்டப் பள்ளத்தில் உருளைக்கல்லை மாடு கட்டி இழுத்து அரைப்பார்களாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை விட்டுப் பிசைவார்கள், சாந்து நன்றாக இறுகும். இதைச் சொல்லும்போது அவர் கையும் சேர்ந்து பிசைந்துகொண்டிருந்தது.

சிமெண்டைக் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆசாரத்துச் சிவப்புத் தரை சிமெண்டும் காவிப் பொடியும் கலந்து இழைத்தது, தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருக்கிறது, கால் வைத்தால் எடுக்க மனசு வராது. மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தது 1930-களில், அதற்குப் பின்னால் போட்ட தரையாகத்தான் இருக்கும். பைக்காரா மின்சாரமும் 1932-ல் தொடங்கியதுதான், ஆனால் எங்கள் ஊருக்குக் கம்பி வர இன்னும் நெடுநாள் ஆனது. மரப் பலகையில் வைத்த கருப்பு உருண்டை ஸ்விட்சுகள் இரண்டு இன்னும் வேலை செய்கின்றன. ஒவ்வொரு காலத்திலும் புதுசை உள்ளே விட்ட வீடு இது. மண் சுவரின் மேல் சிமெண்டை அப்பியதுதான் தப்பாகப் போனது.

செங்கல்லுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கம் தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண்ணை எடுத்து எரித்த சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. ஓடைகளையும் யானைத் தடத்தையும் சேர்த்துத் தோண்டிக்கொண்டிருந்தார்கள், மூடியது சரிதான். எப்படியும் கடையில் கிடைக்கிற சேம்பர் சூளைக் கல் நம் சுவர்க் கனத்துக்குப் பொருந்தாது. "எதுக்குங்க வாங்கோணும்? பொடக்காளியில விழுந்த மதிலு கல்லு அப்படியே கெடக்குது, அதே சூளைக் கல்லு" என்றார் கொத்தனார். வருஷக்கணக்காக அதன் மேல்தான் அத்தை துவரை காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

செவ்வாய், பேச்சு

திருப்பூரிலிருந்து மச்சான் வந்தார், பெங்களூர் மச்சான் போனில். ஆசாரத்தில் உட்கார்ந்து நோட்டை விரித்தேன். சுவர் சாகவில்லை, ஒரு பக்கம் நாலடிப் பூச்சை உரிக்க வேண்டும், உதிர்ந்த கல்லை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். கூடல் தகடு இரண்டு மூலை. நனைந்த கைமரம் மூன்று. சுண்ணாம்புப் பூச்சு. கொத்தனார் சொன்ன தொகையையும், புது வீட்டுக்கு வந்திருந்த எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். பாதிக்கும் கீழே. மச்சான் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

அவருடைய கவலை நியாயமானது. வயசான இரண்டு பேர் உயரமான வாசப்படியும் பொடக்காளியில் கக்கூசும் வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும் என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அத்தையிடம் இருந்தது. பருத்தி அறை சும்மாதானே கிடக்கிறது, அதற்குள்ளேயே குளியலறை போட்டுத் தண்ணீர்க் குழாயைத் தொட்டிக்குப் போகாமல் வெளியே கொண்டுபோய்விடலாம் என்றார். குழாய் மண் சுவருக்குள் போகக் கூடாது என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். மாமா ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "மரக்காரனுக்குப் போனைப் போட்டு வர வேண்டாம்னு சொல்லிரு" என்றார் மகனிடம்.

ஆடியில் வேலை தொடங்க மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் முதலில் கூரை, ஐப்பசி மழைக்கு முன்னால் கூடல் தகடு முடிந்தாக வேண்டும். சுவர் வேலை மழை ஓய்ந்த பிறகு, தையில். சுண்ணாம்பை ஊறப் போடுவதற்கு ஆடி ஒன்றும் தடையில்லை என்று அத்தை சொல்லிவிட்டதால் களத்து ஓரத்தில் தொட்டி கட்ட இன்றைக்கே குழி எடுத்தாகிவிட்டது.

இன்னும் ஒன்று பாக்கி. கட்டுத்தரைக் கூரையில் ஒரு பனங்கை விரிசல் விட்டிருக்கிறது. அதற்கு இரும்புக் குழாய் வைக்க எங்களுக்கு மனசில்லை. முற்றின பனையைப் பிளந்து கைமரம் செதுக்கத் தெரிந்த ஆசாரி காங்கயம், வெள்ளகோயில், மூலனூர், தாராபுரம் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மரம் தயாராக இருக்கிறது, எங்கள் தோட்டத்திலேயே போன வருஷம் விழுந்தது.